புதுசா வந்தவங்களுக்கு முதல் மாசம்தான் கஷ்டம்
(கூட்டமைப்புக் கூட்டத்தில் எங்கள் குழு சார்பில் பேசியது)



நாங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தில் இருக்கிற குழு. எங்களில் பாதிப் பேர் இலங்கையில் பிறந்து, சின்னப் பிள்ளைகளாக இங்கே வந்தவர்கள். மற்றவர்கள் அப்படி வந்தவர்களின் பிள்ளைகள். ஒரு புது நாட்டில் வந்து இறங்கினால் முதல் நாட்கள் எப்படி இருக்கும் என்பதைக் கொஞ்சம் சொல்கிறோம்.

1948-ல் இலங்கையில் ஒரு சட்டம் வந்தது. மலையகத் தோட்டங்களில் வேலை செய்த நம் ஜனங்களில் பெரும்பாலோருக்குக் குடியுரிமை போய்விட்டது. பிறகு 1964 அக்டோபரில் சிறிமாவோ, சாஸ்திரி ஒப்பந்தம் ஏற்பட்டது. 5 லட்சத்து 25 ஆயிரம் பேரை இந்தியா ஏற்றுக்கொள்வது என்று முடிவானது. அதன்படி பல குடும்பங்கள் தலைமன்னாரில் கப்பல் ஏறி ராமேஸ்வரம் வந்தன. 1984-ல் அந்தக் கப்பல் நின்றது.

"தாயகம் திரும்புகிறோம்" என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். ஆனால் எங்க அம்மாக்கள் இந்தியாவைக் கண்ணால் பார்த்ததே இல்லை. பிறந்தது, வளர்ந்தது, கொழுந்து பறித்தது எல்லாம் அங்கேதான். அவங்களுக்கு இது வெளிநாடுதான்.

முதலில் தாக்கியது வெயில். குளிரும் மழையுமாக இருந்த மலையிலிருந்து வந்தவர்களுக்கு ராமேஸ்வரம் மணலில் கால் வைக்க முடியவில்லை. மண்டபம் முகாமில் தங்கி, அங்கிருந்து ஒவ்வொரு மாவட்டமாகப் பிரிந்து போனோம். சமவெளியில் இருக்க முடியாமல் மலையைத் தேடி வந்த குடும்பங்களும் உண்டு. எங்களுக்கு நீலகிரி வாய்த்தது. தாயகம் திரும்பியவர்களுக்கு வேலை கொடுக்க, 1968-ல் தமிழக அரசு தேயிலைத் திட்டம் ஆரம்பித்தது. 1976-ல் அது டேன்டீ கழகமானது.

மலையைப் பார்த்ததும் கொஞ்சம் மனசு ஆறியது. அதே பனி, அதே தேயிலை. ஆனால் பேச்சு? பேசுவதும் தமிழ்தான், கேட்பவரும் தமிழர்தான், ஆனாலும் புரியாது! கடையில் "ஒரு போத்தல் எண்ணெய் கொடுங்க" என்றால் சிரிப்பார்கள். பாண் கேட்டால் முழிப்பார்கள். ரயிலைக் கோச்சி என்போம், காசைச் சல்லி என்போம். எதைச் சொன்னாலும் "நீங்க சிலோன்காரங்களா?" என்ற கேள்விதான் வரும். அங்கே எங்களைக் கள்ளத்தோணி என்றார்கள், இந்தியாக்காரன் என்றார்கள். இங்கே வந்தால் சிலோன்காரங்க. அப்போ நாங்க எந்த ஊர்க்காரங்க என்று அம்மா கேட்பாங்க.

சமையலும் மாறியது. அங்கே குழம்பு, சம்பல் எல்லாவற்றுக்கும் தேங்காய் வேண்டும். இங்கே தேங்காய் கீழே இருந்து ஏறி வர வேண்டும், விலை கொடுத்துக் கட்டாது. வெறும் சாயத்தண்ணியும் கையில் கொஞ்சம் சீனியுமாகக் குடித்தவர்கள், பால் டீக்குப் பழகவே நாளாச்சு.

ஆச்சரியமான விஷயமும் உண்டு. படுகர் ஹட்டிகளைப் பார்த்தபோது, நம் லயம் மாதிரியே வரிசை வீடு. ஆனால் ஒவ்வொன்றும் சொந்த வீடு! வீட்டுக்காரர் சொந்த நிலத்தில் தேயிலை போட்டு, ஃபேக்டரிக்கு இலை விற்கிறார். தேயிலை என்றாலே கம்பெனிக்குச் சொந்தம் என்று நினைத்திருந்த எங்க அம்மாக்களுக்கு இது புதுசு. அதைவிடப் பெரிசு ஓட்டு. வாழ்நாளில் முதல் தடவையாக ஓட்டுப் போட்டு, விரல் மையைக் கழுவாமல் வைத்திருந்தாங்க.

சகோதரிகளே, பழங்கதை சொல்ல மட்டும் நாங்கள் எழுந்து நிற்கவில்லை. இன்றைக்கு நம் தோட்டங்களுக்கு ஜார்க்கண்ட், ஒடிசா, அசாமிலிருந்து பெண்கள் வேலைக்கு வருகிறார்கள். ஒரே நாடு என்றாலும், பாஷை தெரியாத அவர்களுக்கு இது வெளிநாடு மாதிரிதான். பஸ் போர்டு படிக்கத் தெரியாது. பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் யாரிடம் போவது என்று தெரியாது. நம்மில் சிலரே அவர்களை "இந்திக்காரிங்க" என்று ஒதுக்கிப் பேசுகிறோம். அந்த வார்த்தை எப்படிச் சுடும் என்று எங்களுக்குத் தெரியும்.

அதனால் ஒவ்வொரு குழுவும் முதல் மாசத்துக்குள் நாலு காரியம் செய்து கொடுக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம்.

ஒன்று, பிள்ளைகளை அங்கன்வாடிக்கும் பள்ளிக்கும் கூட்டிப் போய்ச் சேர்த்துவிடுவது.

இரண்டு, ஆரம்ப சுகாதார நிலையத்தைக் காட்டி, நர்ஸம்மாவைப் பழக்கிவிடுவது. கர்ப்பிணி இருந்தால் உடனே பதிவு செய்வது.

மூன்று, சொந்த மாநில ரேஷன் கார்டு இருக்கிறதா என்று கேட்பது. ஒரே நாடு ஒரே ரேஷன் கார்டு திட்டம் 2020-லிருந்து தமிழ்நாட்டிலும் இருக்கிறது. தகுதியுள்ள கார்டுக்கு இங்கேயும் தானியம் வாங்கலாம். கடைக்காரரிடம் நாமே கூடப் போய்க் கேட்போம்.

நான்கு, ஆதார், பேங்க் பாஸ்புக் போன்ற காகிதங்களை யாரிடமும் கொடுத்து வைக்காமல் பத்திரமாக வைக்கச் சொல்வது. எங்க அம்மாக்கள் கப்பலில் கொண்டு வந்த குடும்ப அட்டையை டிரங்குப் பெட்டியில் வைத்துக் காப்பாற்றினார்கள். பிள்ளைகளுக்குச் சர்டிபிகேட் வாங்கப் போனபோது, நாங்கள் யார் என்று சொன்னது அந்தக் காகிதம்தான்.

இதற்கெல்லாம் காசு செலவில்லை, அரை நாள் போதும். அடுத்த மாதக் கூட்டத்தில் எந்தக் குழு எத்தனை பேருக்கு உதவியது என்று தீர்மானப் புத்தகத்தில் எழுதிக் கொண்டு வாருங்கள். எங்கள் குழு முதலில் கணக்குச் சொல்லும்.