அவங்களை எப்படிக் கூப்பிடுறது?

(கூட்டமைப்பின் ஆண்டுவிழாவில் குழு ஊக்குநர் ஒருவர் பேசியது)



வங்கிக் கடன், திருப்பம் பத்தியெல்லாம் முன்னாடி பேசினவங்க சொல்லிட்டாங்க. நான் செஞ்ச ஒரு தப்பைப் பத்திச் சொல்லலாம்னு வந்திருக்கேன்.

நாலு வருசத்துக்கு முன்னாடி எங்க தெருவுல இட்லிக்கடை போட்டிருந்த ஒரு திருநங்கை, எங்க குழுவுல சேரணும்னு கேட்டாங்க. கூட்டத்துல பேச்சு வந்தது. "அது எப்படி நம்மகூட உக்காரும்?"னு ஒருத்தர் கேட்டாங்க. ஊக்குநரான நானாவது கண்டிச்சிருக்கணும். "அதுகிட்ட ஆதார் இருக்கான்னு முதல்ல கேப்போம்"னு நானும் சொன்னேன். ஆட்டையும் மாட்டையும் சொல்ற சொல்லு. வாசல்ல செருப்பைக் கழட்டிட்டு நின்ன அவங்க காதுல விழுந்துடுச்சு. திரும்பச் செருப்பை மாட்டிட்டுப் போயிட்டாங்க.

மறுநாள் கடைக்குப் போனேன். அவங்க கோபப்படலை. "கடன் குடுக்காட்டி போகுதுக்கா. ரோட்டுல போற யாரோ ஒருத்தரைக்கூட 'அவங்க'ன்னுதானே சொல்றீங்க, எனக்கு மட்டும் அது இல்லையா?"ன்னு கேட்டாங்க. எனக்குத் தலை நிமிரலை.

வசவுச் சொற்களை இங்கே நான் சொல்லப் போறதில்லை. உங்களுக்கே தெரியும். ஒரு எண்ணைக்கூட வசவாக்கி வச்சிருக்கோம்! 2008-ல் தமிழ்நாடு அரசு இவங்களுக்கு நல வாரியம் அமைச்சப்போ, அரவாணிகள் நல வாரியம்னுதான் பேர் வச்சாங்க. கூவாகத்துல கும்பிடுற அரவான் கதையிலிருந்து வந்த பேர் அது. அப்புறம் திருநங்கைங்கிற சொல் பரவுச்சு. பெண்ணாப் பிறந்ததாச் சொல்லி வளர்த்து, தன்னை ஆணா உணர்றவர் திருநம்பி. பொதுவாச் சொல்லணும்னா திருநர். பிறக்கும்போதே உடல் ஆண், பெண்ணுன்னு ஒண்ணுல அடங்காதவங்களை ஊடுபால்னு சொல்றாங்க. அது வேற, இது வேற. தன் பாலினம் எதுன்னு அவங்கவங்கதான் சொல்லணும்னு 2014-ல் உச்ச நீதிமன்றமே சொல்லிடுச்சு.

இதெல்லாம் கத்துக்கிட்டு, பெருமையா வருகைப் பதிவேட்டுல 'திருநங்கை'ன்னு எழுதி, பக்கத்துல அவங்க பேரை எழுதினேன். அதுக்கும் கேள்வி வந்தது. "மத்தவங்க பேருக்கு முன்னாடி 'பெண்'ணுன்னு எழுதியிருக்கீங்களாக்கா?" நல்ல வார்த்தைதான், ஆனா தேவையில்லாத இடத்துல போட்டிருந்தேன். அடுத்த வாரத்திலிருந்து வெறும் பேர்தான். இப்ப எங்க குழுவுல பெரியவங்க அவங்களைப் பாப்பான்னு கூப்பிடுறாங்க, சின்னவங்க அக்கான்னு கூப்பிடுறாங்க. யாரும் உத்தரவு போடலை.

இன்னொரு உறுப்பினர் என்கிட்ட தனியா வந்து அழுதாங்க. மகளா வளர்த்த பிள்ளை, "நான் மகன்"னு சொல்லிடுச்சாம். "வாடி"ன்னு கூப்பிட்டா அந்தப் பிள்ளை சாப்பிட வரமாட்டேங்குது. "வாடா"ன்னு சொல்ல இவங்களுக்கு நாக்கு எழலை. இருபது வருசப் பழக்கம், சும்மாவா? "வா கண்ணு, வா தங்கம்னு கூப்பிடுங்களேன்"னு சொன்னேன். இப்படிக் கொஞ்சுற சொல்லுக்கு ஆண், பெண் கிடையாதே. ஒரு மாசம் அப்படித்தான் ஓடுச்சு. போன பொங்கலன்னிக்கு, யோசிக்காமலே "டேய், பொங்கல் ஆறுதுடா"ன்னு கூப்பிட்டுட்டாங்களாம். ஓடி வந்து அம்மாவைக் கட்டிக்கிச்சாம். இல்லை, கட்டிக்கிட்டானாம். பாருங்க, எனக்கே இன்னும் தடுமாறுது. தடுமாறினா திருத்திக்கிட்டு மேலே பேச வேண்டியதுதான். அதுக்காக அரைமணி நேரம் மன்னிப்புக் கேட்டு அவங்களைச் சங்கடப்படுத்த வேண்டாம்.

கடைசியா ஒரு கோரிக்கை. நம்ம உறுப்பினர் படிவத்துல 'க/பெ, த/பெ'ன்னு மட்டும்தான் இடம் இருக்கு. அந்தத் தங்கச்சியை வீட்டைவிட்டுத் துரத்தினதே அப்பாதான். அந்தக் கட்டத்துக்கு நேரா ரொம்ப நேரம் பேனாவை வச்சிக்கிட்டே இருந்தாங்க. விதவைகளும், கணவர் விட்டுட்டுப் போன சகோதரிகளும் அந்த இடத்துல தயங்குறதை நான் பார்த்திருக்கேன். அதை எடுத்துட்டு 'உறவினர் அல்லது பாதுகாவலர் பெயர்'னு போடணும்னு எங்க குழுவுல தீர்மானம் எழுதி, எல்லாரும் கையெழுத்துப் போட்டிருக்கோம். செயலாளர் அக்காகிட்ட இப்பவே குடுக்கிறேன், அடுத்த பொதுக்குழுவுல எடுத்துக்குங்க.