‘டேக்’ என்னும் ஆங்கில வினையும் ‘எடு’ என்னும் தமிழ் வினையும்

(தமிழ்மன்றக் கூட்டமொன்றில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)

  

பிறமொழி கற்றல் குற்றமன்று. அதனை அரைகுறையாய்க் கற்று, அக்குறையால் தன் மொழியையும் கெடுத்துக்கொள்வதே குற்றம். ஆங்கிலத்தின் ‘டேக்’ என்னும் வினைச்சொல் ஒன்றே இதற்குப் போதிய சான்றாகும்.

இச்சொல் ஆங்கிலேயரின் பழஞ்சொல் அன்று. கி.பி. 793இல் லிண்டிசுபார்ண் தீவு மடத்தைச் சூறையாடிய வடபுலக் கடலோடிகளின் இனத்தார், பின்னர் இங்கிலாந்திலேயே குடியேறினர். 1016இல் அவ்வினத்துக் கனூட்டு அந்நாட்டுக்கு அரசனும் ஆனான். பற்றுதல், தொடுதல் எனப் பொருள்பட்ட அவர்தம் ‘டாக்கா’ என்னும் சொல்லே ‘டேக்’ ஆயிற்று. அதற்குமுன் ஆங்கிலேயர் வழங்கிய சொல் ‘நிமன்’ என்பது. அதன் உடன்பிறப்பைச் செருமானியர் இன்றும் வழங்குகின்றனர். ஆங்கிலத்திலோ அது மெல்லத் தேய்ந்து, ‘திருடு’ என்னும் இழிபொருளில் ஒதுங்கி, முடிவில் வழக்கு வீழ்ந்தது. உணர்வற்று மரத்துப் போதலைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லில் அதன் எச்சம் கிடக்கின்றது.

இனி, ‘டேக்’ என்பதன் பொருளைக் காண்போம். அது தன்னோடு சேரும் சொல்லால் பொருள் வேறுபடும். மருந்தொடு சேரின் உட்கொள்ளுதல். இருக்கையொடு சேரின் அமர்தல். பேருந்தொடு சேரின் ஏறிச்செல்லுதல். ‘ஆப்’ என்பது பின்வரின் ஆடை களைதலும் வானூர்தி மேலெழுதலும் ஆம். ‘ஆப்டர்’ வரின் பெற்றோரை ஒத்திருத்தல். ‘இன்’ வரின் ஏமாற்றுதலும் ஒரு பொருள்.

மாணவர் பெரிதும் இடறுமிடம் ‘பிரிங்’, ‘டேக்’ என்னும் இரண்டன் வேறுபாடாகும். பேசுவோனிடத்தும் கேட்போனிடத்தும் கொண்டுவருதல் ‘பிரிங்’. பிறிதோரிடத்துக்குக் கொண்டுசெல்லுதல் ‘டேக்’. இதில் மயங்குவோர் தொல்காப்பியக் கிளவியாக்கத்தைப் புரட்டுவாராக! வருதலும் தருதலும் தன்மை முன்னிலைகட்கும், செல்லுதலும் கொடுத்தலும் படர்க்கைக்கும் உரியவென ஆசிரியர் என்றோ வரையறுத்துள்ளார். தமிழிலக்கணம் தெளிந்தவன் ஆங்கிலத்திலும் இடறான்.

தெளியாதவனோ ‘டேக்’ வருமிடமெல்லாம் ‘எடு’ என்பதைக் கண்மூடிப் பெய்கின்றான். ஓய்வு எடுத்தான், முடிவு எடுத்தான், பங்கு எடுத்தான், குளியல் எடுத்தான் என்றெல்லாம் எழுதுகின்றான். ‘எடு’ என்பதன் அடிப்பொருள் உயர்த்துதல், தூக்குதல் என்பதாம். ஆதலின் விழா எடுத்தல் பொருந்தும். குரலெடுத்துப் பாடுதல் பொருந்தும். எடுத்தல் ஓசை என்னும் இலக்கண வழக்கும் பொருந்தும். ஓய்வை எங்ஙனம் தூக்குவது? குளியலை எங்ஙனம் உயர்த்துவது? ஓய்வுகொண்டான், முடிவுசெய்தான், பங்குகொண்டான், நீராடினான் என்பனவே தமிழ். ஆங்கிலம் ஒரே வினையால் ஒப்பேற்றுமிடத்துத் தமிழ் மூன்று வினைகளை வைத்துள்ளது. அம்மூன்றையும் துறந்து ஒன்றைக் கைக்கொள்வது வளர்ச்சியா, வறுமையா?

எழுத்தும் ஒலியும் தமிழாயிருப்பதால் இக்கேடு எளிதிற் புலப்படாது. அயற்சொல்லைக் கண்டவுடன் களைந்துவிடலாம். அயல்நடையோ தமிழ்ச்சொல்லையே போர்த்துக்கொண்டு நுழைகின்றது. ஆதலின் இதில் விழிப்பு இருமடங்கு வேண்டும்.

‘நிமன்’ எவர் கட்டளையாலும் அழிக்கப்பட்டதன்று. அதற்குரியோர் நாளும் சிறிது சிறிதாய் வழங்காமல் விட்டமையால் மாண்டது. கொள், செய், ஆடு, உண் என்னும் நம் வினைகட்கும் அந்நிலை நேர விடலாமா? ஆங்கிலத்தை ஆங்கிலமாகவே செவ்வனே கற்பீர்! தமிழைத் தமிழாகவே வழங்குவீர்!