கத்திரி வெயிலுக்கு வீட்டில் என்ன செய்யலாம்?



மே மாதம் 4-ஆம் தேதி வாக்கில் கத்திரி பிறந்து 28-ஆம் தேதி வாக்கில் முடிகிறது. ஆனால் வெயில் பஞ்சாங்கம் பார்த்துக்கொண்டா அடிக்கிறது? பங்குனியிலேயே ஆரம்பித்துவிடுகிறது. கோடை உழவு, எள் அறுப்பு, கரும்புக்குச் சோகை உரிப்பு, நிலக்கடலை பறிப்பு என்று வேலை மட்டும் நின்றபாடில்லை. இந்த நாட்களில் அடுப்படியில் என்ன செய்கிறோம், வயலுக்கு என்ன எடுத்துப் போகிறோம் என்பது ருசி சம்பந்தப்பட்ட விஷயம் மட்டும் அல்ல. உயிர் சம்பந்தப்பட்ட விஷயமும்கூட.

காலையில் ஒரு டீயைக் குடித்துவிட்டு மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு போகிறவர் பதினோரு மணி வரைக்கும் வேறொன்றும் வாயில் போடுவதில்லை. வேர்வையில் தண்ணீரும் போகிறது, உப்பும் போகிறது. தலை சுற்றுகிறது, கெண்டைக்கால் இழுத்துப் பிடிக்கிறது, சிறுநீர் மஞ்சளாகிக் கடுக்கிறது. 'உடம்புச் சூடு' என்று சொல்லி எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு மறுநாளும் அப்படியே போகிறார். உடம்பு கேட்பது தண்ணீரையும் உப்பையும்தான். தாகம் எடுத்த பிறகு ஒரு சொம்பு குடிப்பதைக் காட்டிலும், வெயிலில் வேலை செய்யும்போது இருபது நிமிஷத்துக்கு ஒரு முறை ஒரு டம்ளர் என்று குடிப்பதுதான் சரி.

முதலில் கூழைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நம் பாட்டிமார் கோடைக்குக் கண்டுபிடித்து வைத்த சாப்பாடு அது. 2023-ஆம் ஆண்டை ஐக்கிய நாடுகள் சபை சிறுதானிய ஆண்டாக அறிவித்த பிறகு பட்டணத்து ஓட்டல்களில்கூடக் கம்பங்கூழ் விற்கிறார்கள். கம்பு விளைகிற நம் வீட்டில் மட்டும் அது விருந்தாளி போல எப்போதாவது வருகிறது!

ஐந்து பேர் உள்ள வீட்டுக்கு இரண்டு டம்ளர் கம்பு போதும். கம்பில் தண்ணீர் தெளித்துப் பிசிறி அரை மணி நேரம் வையுங்கள். பிறகு உரலில் குத்தலாம். உரல் இல்லாத வீட்டில் மிக்சியில் விட்டுவிட்டு ஓட்டலாம். மேல்தோல் கழன்று வரும். அதை முறத்தில் புடைத்துவிட்டு, மீதியைக் குருணையாக உடைத்துச் சலித்துக்கொள்ளுங்கள். மாவு தனி, குருணை தனி. மாவைத் தண்ணீரில் கரைத்து ராத்திரி முழுதும் மூடி வைத்தால் காலையில் லேசாகப் புளித்திருக்கும். ஏழெட்டு டம்ளர் தண்ணீரைக் கொதிக்க விட்டு முதலில் குருணையைப் போட்டு, அது முக்கால் வேக்காடு வந்ததும் புளித்த மாவை ஊற்றிக் கட்டி தட்டாமல் கிண்டுங்கள். தண்ணீரில் நனைத்த கையால் தொட்டால் ஒட்டக் கூடாது, அதுதான் பதம். ஆறியதும் உருண்டை பிடித்துப் பானைத் தண்ணீரில் போட்டுவிட்டால் மறுநாள் காலையில் கரைத்துக்கொள்ளலாம். மோர், உப்பு, அரிந்த சின்ன வெங்காயம் இவ்வளவுதான் வேண்டும். தொட்டுக்கொள்ள மோர் மிளகாயோ கொத்தவரை வத்தலோ கருவாடோ, அவரவர் விருப்பம்.

புளிக்க வைப்பது ருசிக்காக மட்டும் என்று நினைத்துவிடாதீர்கள். தானியத்தில் உள்ள இரும்புச் சத்தை உடம்பு எடுத்துக்கொள்ளவிடாமல் பிடித்து வைக்கிற ஒரு பொருள் தானியத்திலேயே இருக்கிறது. ஊறவைத்துப் புளிக்க வைத்தால் அது குறைகிறது. கூடவே ஒரு கீற்று மாங்காயைக் கடித்துக்கொண்டால், அந்தப் புளிப்பில் உள்ள வைட்டமின் சி-யும் இரும்புச் சத்து உடம்பில் சேர உதவுகிறது. ஆனால் கூழ் குடித்த கையோடு டீ குடித்தீர்களானால் பாதிப் பலன் போயிற்று. ஒரு மணி நேரமாவது தள்ளிக் குடியுங்கள்.

கம்பு மாவு சீக்கிரம் கசந்துபோகிறதே என்று கேட்கிறீர்கள். கம்பில் எண்ணெய்ச் சத்து அதிகம், அதனால் அரைத்த சில நாளிலேயே சிக்கு வாடை வந்துவிடும். ஆகவே மாதத்துக்கு ஒரு முறை மொத்தமாக அரைத்து டின்னில் அடைக்க வேண்டாம். நாலைந்து நாளைக்கு வேண்டியதை மட்டும் அரையுங்கள். முழுத் தானியத்தைக் கொதிநீரில் அரை நிமிஷம் போட்டு எடுத்து உடனே நன்றாகக் காயவைத்து அரைத்தால் மாவு இன்னும் கொஞ்ச நாள் தாங்கும்.

கேழ்வரகுக் கூழும் இதே மாதிரிதான். அதற்குக் குருணைக்குப் பதில் அரிசி நொய்யை வேகவைத்து, புளித்த மாவை ஊற்றிக் கிண்டுவார்கள். 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்து இருக்கிறது. அரிசியில் அதில் பத்தில் ஒரு பங்குகூடக் கிடையாது. வளர்கிற பிள்ளைக்கும், பால் கொடுக்கிற தாய்க்கும், முட்டி வலிக்கிற கிழவிக்கும் வேண்டியது இந்தச் சத்துதான். ஒரு விஷயம். சர்க்கரை நோய் உள்ளவர்கள் 'கூழ்தானே' என்று சொம்பு சொம்பாகக் குடிக்கக் கூடாது. கரைத்துக் குடிக்கும் மாவும் ரத்தத்தில் சர்க்கரையை ஏற்றத்தான் செய்யும். அவர்களுக்கு அளவு முக்கியம்.

பழைய சோறு பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, உங்களுக்கே தெரியும். சோறு ஆறிய பிறகு சுத்தமான தண்ணீர் ஊற்றி மூடி வையுங்கள், காலையிலேயே சாப்பிட்டுவிடுங்கள். மத்தியானம் வரை வைத்துக் கெட்ட வாடை வந்த பிறகும் 'வீணாக்கக் கூடாது' என்று வீட்டுப் பெண்கள் தங்கள் தட்டில் போட்டுக்கொள்கிறார்களே, அதைத்தான் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். மாட்டுக்கு வையுங்கள், தாயே.

இனி குடிக்கிற வகைகள். கோடைக்கு ராஜா நீர்மோர்தான். அரை லிட்டர் தயிரில் இரண்டு லிட்டர் மோர் கிடைக்கும். தயிரை நன்றாகக் கடைந்து தண்ணீர் சேர்த்து, தட்டிய இஞ்சி, கறிவேப்பிலை, கொத்தமல்லித் தழை, சிட்டிகை பெருங்காயம், உப்பு போட்டுப் பானையில் வையுங்கள். ஈயம் பூசாத பித்தளைப் பாத்திரத்தில் மோரையோ புளித்த கூழையோ வைக்கவே கூடாது, களிம்பு ஏறும். மண்பானையோ எவர்சில்வரோ நல்லது. ரத்தக் கொதிப்பு உள்ளவர்கள் உப்பைக் குறைத்துப் போட்டுக்கொள்ள வேண்டும்.

பானகம் ராமநவமிக்கு மட்டும் என்று ஒதுக்கி வைத்திருக்கிறோம். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 150 கிராம் வெல்லம், ஒரு எலுமிச்சம்பழம், அரைத் தேக்கரண்டி சுக்குத்தூள், இரண்டு ஏலக்காய், ஒரு சிட்டிகை உப்பு. வெல்லத்தைக் கரைத்து வடிகட்டி மற்றதைச் சேர்த்தால் தீர்ந்தது வேலை. வெல்லம் வாங்கும்போது பளபளவென்று மஞ்சளாக இருப்பதைத் தேடாதீர்கள். நிறத்துக்காக ஹைட்ரோஸ் என்ற ரசாயனத்தைப் போட்டுக் காய்ச்சுகிற வழக்கம் இருக்கிறது. கறுத்த வெல்லமே மேல்.

வீட்டில் மாமரம் இருக்கிறதா? காற்றில் உதிர்கிற காயைப் பெருக்கிக் குப்பையில் தள்ளுகிறோம். அதைப் பொறுக்கி, கழுவி, தோலோடு வேகவைத்து, சதையைப் பிசைந்து, வெல்லமும் வறுத்த சீரகப் பொடியும் உப்பும் சேர்த்துத் தண்ணீர் விட்டுக் கலக்கினால் அருமையான பானம். வடநாட்டில் இதை ஆம் பன்னா என்று சொல்லி, அனல் காற்று வீசுகிற நாட்களில் குடிக்கிறார்கள். பாட்டிலில் வரும் கலர் தண்ணீருக்குப் பிள்ளைகளிடம் காசு கொடுத்து அனுப்புவதற்கு முன்னால் இதை ஒரு தடவை செய்து கொடுத்துப் பாருங்கள்.

எந்தப் பானம் செய்தாலும் தண்ணீர் கொதித்து ஆறியதாக இருக்கட்டும். கலங்கிய தண்ணீரைத் தெளிய வைக்கப் பானையின் உட்புறம் தேற்றான்கொட்டையை இழைப்பது நல்ல பழக்கம்தான். அது அழுக்கைப் படிய வைக்கும். கிருமிக்குக் கொதிதான் மருந்து. மீன் பெட்டிக்குப் போடுகிற பாள ஐஸை வாங்கி வந்து உடைத்துப் போடுவது வேண்டவே வேண்டாம்.

இன்னொன்று, இதைக் கொஞ்சம் கடுமையாகவே சொல்கிறேன். பூச்சிமருந்து வந்த டப்பாவையும் கேனையும் கழுவிவிட்டு அதில் வயலுக்குத் தண்ணீர் கொண்டு போகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். எத்தனை தரம் கழுவினாலும், சாம்பல் போட்டுத் தேய்த்தாலும், அந்த விஷம் முழுக்கப் போகாது. டப்பாவை ஓட்டை போட்டு ஒழித்துவிடுங்கள். சுரைக்குடுக்கை ஒரு காலத்தில் நம்மிடம் இருந்தது. இன்று எவர்சில்வர் தூக்கு இல்லாத வீடு எது?

இனிப்புக்கு வருகிறேன். பிள்ளைகளுக்குப் பள்ளி விடுமுறை, பொழுதுக்கும் 'என்னம்மா இருக்கு' என்று கேட்டுக்கொண்டே இருப்பார்கள். கேழ்வரகை ஒரு பகல் ஊறவைத்துத் துணியில் கட்டித் தொங்கவிடுங்கள். வெள்ளை முளை எட்டிப் பார்த்ததும் தண்ணீர் விட்டு அரைத்துத் துணியில் பிழிந்தால் பால் வரும். வெல்லப் பாகை வடிகட்டி இந்தப் பாலோடு சேர்த்து, சிறு தீயில் கைவிடாமல் கிண்டி, கெட்டியானதும் நெய் தடவிய தட்டில் கொட்டினால் வில்லை போடலாம். நெய் ஒரு கரண்டி போதும். தினை அரிசியும் பாசிப்பருப்பும் சம அளவு எடுத்து லேசாக வறுத்து வேகவைத்து, வெல்லமும் தேங்காய்ப் பாலும் விட்டால் பாயசம். தேங்காய்ப் பாலை அடுப்பிலிருந்து இறக்கும் சமயத்தில் விடுங்கள், இல்லாவிட்டால் திரிந்துபோகும். நுங்கு கிடைக்கிற ஊரில் இளம் நுங்கைப் பிசைந்து பதநீரில் போட்டுக் கொடுத்தால் அதற்கு மேல் இனிப்பு எதற்கு?

கைக்குழந்தை விஷயத்தில் மட்டும் ஒரு எச்சரிக்கை. ஆறு மாதம் ஆகாத பிள்ளைக்கு எவ்வளவு வெயிலானாலும் தாய்ப்பால் மட்டும்தான். 'நாக்கு வறளுதே' என்று தண்ணீர், சர்க்கரைத் தண்ணீர் எதுவும் புகட்டக் கூடாது. பாலிலேயே தண்ணீர் இருக்கிறது. தாய் நிறையக் குடிக்கட்டும், பிள்ளைக்கு அடிக்கடி பால் கொடுக்கட்டும். ஒரு வயதுக்குள் நாக்கில் தேன் தடவுவதும் ஆகாது. பெரிய பிள்ளைக்கு வயிற்றுப்போக்கு கண்டால், ஒரு லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீரில் மட்டமாக ஆறு தேக்கரண்டி சர்க்கரை, மட்டமாக அரைத் தேக்கரண்டி உப்பு கலந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்துக்கொண்டே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கொண்டு போங்கள். அளவு மாறக் கூடாது. உப்பு கூடினால் ஆபத்து.

இப்போது ஆண்களிடம் ஒரு வார்த்தை. களை எடுக்க வரும் பெண்கள் காலை முதல் மாலை வரை தண்ணீர் குடிக்காமலேயே வேலை செய்கிறார்கள், கவனித்திருக்கிறீர்களா? தண்ணீர் இல்லாமல் அல்ல. குடித்தால் ஒதுங்க இடமில்லை, அதனால் குடிப்பதில்லை. நீர்க்கடுப்பும் சிறுநீர்ப் பாதையில் புண்ணும் கல்லும் வர இது ஒரு பெரிய காரணம். வெட்கத்தால் யாரும் வாய் திறந்து சொல்வதில்லை. நான்கு கழியும் இரண்டு தென்னங்கீற்றும் இருந்தால் வரப்போரம் ஒரு மறைப்பு கட்டிவிடலாம். அரை மணி நேர வேலை. பக்கத்தில் ஒரு குடம் தண்ணீரும் வைத்துவிடுங்கள். நீங்கள் மோர்ப் பானையை நிரப்பி வைத்தாலும், இந்த மறைப்பு இல்லாவிட்டால் அவர்கள் அதைத் தொட மாட்டார்கள்.

வேலையில் இருக்கிற ஒருவர் திடீரென்று உளறினாலோ, உடம்பு நெருப்பாகச் சுட்டாலோ, நினைவு தப்பினாலோ அது வெயில் தாக்கம். உடனே நிழலுக்குத் தூக்கிச் சென்று, துணியைத் தளர்த்தி, உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். கழுத்திலும் அக்குளிலும் ஈரத்துணி போடுங்கள். நினைவில்லாதவர் வாயில் மோரோ தண்ணீரோ ஊற்றக் கூடாது, மூச்சுக்குழாயில் போய்விடும். 108-க்குப் போன் போட்டுவிட்டு, வண்டி வருகிற வரைக்கும் தண்ணீர் ஊற்றுவதை நிறுத்தாதீர்கள்.

நாளைக் காலையில் கூழ் வேண்டுமானால் மாவை இன்றைக்கே கரைத்து வைக்க வேண்டும், தாய்மார்களே.