பெயர் ஒன்று, பொருள் பல



பத்தாண்டு நிறைவு காணும் நம் வட்டம், நம் ஊரைப் பற்றிப் பேசுமாறு என்னைப் பணித்தது. ஊரின் பெருமை பேச என்னினும் வல்லார் இவ்வவையில் உளர். ஆதலின், ஊரின் பெயரைப் பற்றி மட்டும் சில சொல்ல விழைகின்றேன்.

தொல்காப்பியர் கிளவியாக்கத்தில் பலபொருள் ஒரு சொல்லை இரு வகையாகப் பகுக்கிறார். வினையைக் கொண்டு பொருள் வேறுபடுவது ஒன்று. வினையைக் கொண்டும் வேறுபடாதது மற்றொன்று. ‘மா பூத்தது’ என்றால் மரம். ‘மா ஓடியது’ என்றால் விலங்கு. ‘மா வீழ்ந்தது’ என்றால் எது? அங்கே, கருதிய பொருளைச் சொல்பவரே விளங்கச் சொல்ல வேண்டும்.

நம் ஊரின் பெயர் அத்தகையது. ‘அண்ணுதல்’ என்றால் நெருங்குதல். நெருங்க இயலாத மலை அண்ணாமலை. சம்பந்தரும் அப்பரும் பாடியது இப்பெயரைத்தான். முதலில் இது 2,668 அடி உயரமுள்ள ஒரு மலையின் பெயர். மலையே இலிங்கம் என்னும் நம்பிக்கையால் அது இறைவன் பெயராயிற்று. பின்னர்க் கோயிலுக்கும், கோயிலைச் சூழ்ந்த ஊருக்கும் ஆயிற்று. 1989இல் வட ஆர்க்காடு மாவட்டம் பிரிக்கப்பட்டபோது, திருவண்ணாமலை சம்புவராயர் மாவட்டம் என ஒரு மாவட்டத்திற்கு ஆயிற்று. 1997இல் மாவட்டப் பெயர்களிலிருந்து தலைவர், மன்னர் பெயர்கள் நீக்கப்பட்டபோது சம்புவராயர் விடைபெற்றார், மலை நின்றது. 2024இல் நகராட்சி மாநகராட்சியாக உயர்ந்தது; பெயர் மாறவில்லை. மலை கண்ணுக்கு எட்டாத வந்தவாசிக்காரரும் இன்று ‘திருவண்ணாமலை மாவட்டத்தார்’ தாம்.

‘திருவண்ணாமலை ஏறினேன்’ என்றால் மலை. ‘திருவண்ணாமலையில் வென்றார்’ என்றால் தொகுதி. ‘திருவண்ணாமலை போனேன்’ என்றால்? கோயிலுக்கா, கிரிவலத்துக்கா, மாவட்ட ஆட்சியர் அலுவலகத்துக்கா? போனவருக்கே வெளிச்சம்.

பெயர் மலையடிவாரத்தோடு நிற்கவில்லை. திருவில்லிபுத்தூர் அருகிலும் ஒரு திருவண்ணாமலை உண்டு. அங்கே குன்றின்மேல் நிற்பவர் சிவனல்லர், சீனிவாசப் பெருமாள். ‘தென் திருப்பதி’ என்று வேறோர் ஊரின் பெயரையும் அத்தலத்திற்குச் சூட்டியிருக்கின்றனர். அருணகிரி என்னும் மலைப்பெயரைத் தாங்கியவர் நம் ஊர்ப் புலவர் அருணகிரிநாதர். கழுகுமலை முருகனுக்குக் காவடிச்சிந்து பாடிய சென்னிகுளம் அண்ணாமலை ரெட்டியார், ஒரு மலையைப் பெயரில் சுமந்துகொண்டு மற்றொரு மலையைப் பாடினார்.

இன்னும் ஒருவர், செட்டிநாட்டு ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார். அவர் சிதம்பரத்தில் 1929இல் நிறுவிய பல்கலைக்கழகம் அண்ணாமலைப் பல்கலைக்கழகம். அது அமைந்த இடம் அண்ணாமலை நகர். சென்னையில் ராஜா அண்ணாமலைபுரமும் அவர் பெயரால் எழுந்தது. மலை இறைவனாகி, இறைவன் மனிதராகி, மனிதர் கல்விக்கூடமாகி, கல்விக்கூடம் மீண்டும் ஊராயிற்று. பெயரும் ஒரு கிரிவலம் வந்துவிட்டது என்று வகுப்பில் நான் வேடிக்கையாகச் சொல்வதுண்டு.

அந்த வேடிக்கையை 2024 திசம்பருக்குப் பிறகு நான் சொல்வதில்லை. காரணத்தை இவ்வவையில் சொல்லிவிடுகிறேன்.

பெஞ்சல் புயல் கொண்டுவந்த பெருமழையில், திசம்பர் 1ஆம் நாள் மாலை, மலைச்சரிவிலிருந்து பாறையும் மண்ணும் வ.உ.சி. நகரில் ஒரு வீட்டின்மேல் வீழ்ந்தன. எழுவர் மாண்டனர், அவருள் ஐவர் குழந்தைகள். செய்தி பரவியதும் வந்தவாசியிலிருந்து என் பெரியம்மா தொலைபேசியில் பதறினார்: “திருவண்ணாமலையில மண்ணு சரிஞ்சிடுச்சாமே, நல்லா இருக்கியாம்மா?” நான் உடனே சொன்னேன்: “அது மலையோரம் பெரியம்மா. நாங்க ஊருக்குள்ள இருக்கோம்.”

அவர் அமைதியடைந்தார். நான்தான் அமைதியிழந்தேன். தீபத்தன்று மலையில் சுடர் தோன்றும்போது, ‘எங்கள் திருவண்ணாமலை’ என்று மலையையும் ஊரையும் என்னையும் ஒரே பெயருக்குள் அடக்கிக்கொள்பவள் நான். மலை சரிந்த அன்று, அதே பெயரை இரண்டாகப் பிளந்து, பாதுகாப்பான பாதியில் நின்றுகொண்டேன். சிதம்பரம் என்னும் ஊர்ப்பெயரைத் தாங்கிய வ.உ.சிதம்பரனாரின் பெயர், மீண்டும் இடப்பெயராகி நம் மலையடியில் ஒரு நகருக்கு வாய்த்திருக்கிறது. அந்த நகர் என் திருவண்ணாமலைக்குள் இருந்ததா என்பதை அன்றுதான் என்னையே கேட்டேன்.

ஒரு பெயர் பல பொருளுக்கு உரியதாவது மொழியின் குறை அன்று. ஊரைச் சொல்லி மக்களைக் குறிக்கும் ஆகுபெயர் இல்லையேல் கவிதைக்குப் பாதி வலிமை போய்விடும். ஆனால் அந்த நெகிழ்ச்சிக்குள் நாம் ஒளிந்துகொள்ளவும் முடிகிறது. பெருமை வருகையில் பெயரை விரிக்கிறோம். துயர் வருகையில் சுருக்குகிறோம்.

இவ்வட்டத்தின் கவிஞர்கள் இப்பத்தாண்டில் அண்ணாமலையைப் பாடிய கவிதைகளைக் கேட்டு மகிழ்ந்தவள் நான். அவற்றுள் கோபுரம் உண்டு, சுடர் உண்டு, சித்தர் உண்டு. சரிவில் சுவர் எழுப்பிக் குடியிருப்பவர் மிகக் குறைவு. என் கட்டுரைகளிலும் அவர்கள் இல்லை. ஆகவே இதைக் குற்றச்சாட்டாகக் கூறவில்லை.

வினையால் பொருள் வேறுபடாத சொல்லைத் தெரித்து மொழிக என்பது இலக்கணம். இனி ‘திருவண்ணாமலை’ என்று எழுதும்போது எதைக் கருதினோம் என்று ஒருமுறை நம்மையே கேட்போம். மலை என்றால் அதன் சரிவையும், ஊர் என்றால் அதன் கடைசித் தெருவையும் சேர்த்தே கருதுவோம்.