கலைமகள் விழாவின் உட்பொருள்

(காரங்காட்டில் நிகழ்ந்த வெள்ளி விழாக் கூட்டத்தில் தலைமையாசிரியர் ஆற்றிய உரை)

கலைமகள் விழாவைக் குறித்துச் சில சொற்கள் கூறுமாறு கல்விக் கழகத்தார் பணித்துள்ளனர்.

புரட்டாசி அமாவாசையை அடுத்து ஒன்பது இரவுகள் கொண்டாடப்பெறுவது நவராத்திரி. முதல் மூன்று நாள் மலைமகளுக்கும், அடுத்த மூன்று நாள் திருமகளுக்கும், இறுதி மூன்று நாள் கலைமகளுக்கும் உரியன. வீரத்தையும் செல்வத்தையும் நெறிப்படுத்த வல்லது கல்வியே ஆதலின் அஃது இறுதியில் நின்றது எனக் கொள்ளலாம்.

இராமநாதபுரம் அரண்மனையில் சேதுபதி மன்னர்கள் இராசராசேசுவரி அம்மனுக்கு இவ்விழாவைப் பெருஞ்சிறப்புடன் எடுத்தனர். அங்கே படைக்கலங்கள் பூசை பெற்றன. குடிமக்கள் இல்லங்களிலோ ஒன்பதாம் நாள் அரிவாளையும் மண்வெட்டியையும் உளியையும் கழுவிச் சந்தனமும் குங்குமமும் இட்டு, பொரியும் கடலையும் சுண்டலும் படைப்பர். அதே பலகையில் நூல்களையும் அடுக்கி வைப்பர். கருவியும் நூலும் ஒரே வரிசையில் அமர்வதே இவ்விழாவின் தனிச்சிறப்பு. உழைப்பும் அறிவும் நிகர் என்பதன்றோ அதன் பொருள்?

ஆயினும் நடந்தது யாது? கருவி ஏந்திய கைகளுக்கு நூல் மறுக்கப்பட்டது. நம் முன்னோர் வீடுகளில் பலகையில் வைக்கக் கருவிகள் இருந்தன. அடுக்கி வைக்க ஏடு இல்லை. கோவில் வாயிலும் அடைபட்டே இருந்தது. 8-7-1939 அன்று வைத்தியநாத ஐயருடன் கக்கன் உள்ளிட்ட நம்மவர் மதுரை மீனாட்சியம்மன் கோவிலுள் நுழைந்தனர். 14-10-1956 அன்று, விசயதசமி நாளிலேயே, அண்ணல் அம்பேத்கர் நாகபுரியில் பௌத்தம் தழுவினார். உள்ளே சென்றோர் வழி வேறு, வெளியேறினோர் வழி வேறு. இரு சாராரும் வேண்டியது மனித மதிப்பு ஒன்றே. கொலம்பியாவிலும் இலண்டனிலும் அண்ணல் கற்ற கல்வி அவர் குரலுக்கு உரமாயிற்று என்பதை நாம் மறத்தலாகாது.

ஒன்பதாம் நாள் அடுக்கிய நூலைப் பத்தாம் நாள் எடுத்துப் படித்தல் வேண்டும் என்பது மரபு. படிக்காத நூலுக்குப் பூசை எதற்கு? அன்றுதான் குழந்தையின் விரலைப் பிடித்து நெல்லிலோ அரிசியிலோ முதல் எழுத்தை எழுதுவிப்பர். அரசுத் தொடக்கப் பள்ளிகளிலும் அந்நாளில் சேர்க்கை நடைபெறுகின்றது. நெல்லில் எழுதிய எழுத்து நொடியில் கலைந்துவிடும். சேர்க்கைப் பதிவேட்டில் எழுதிய பெயர் கலையலாகாது.

பதினான்கு வயதுவரை கல்வி உரிமை என்று 2009-ஆம் ஆண்டுச் சட்டம் கூறுகிறது. அதன்பின் பிள்ளையைப் பள்ளியில் நிறுத்துவது பெற்றோர் கடமை. ஆண்பிள்ளையைக் கரிமூட்டத்திற்கும் வலை இழுக்கவும் அனுப்பாதீர்கள். பெண்பிள்ளை பூப்பெய்தினாள் என்று படிப்பை நிறுத்தாதீர்கள். எச்சமயத்தைச் சார்ந்தவராயினும், ஒவ்வோர் இல்லத்திலும் நாள்தோறும் மாலையில் ஒரு மணி நேரம் நூல் திறந்திருக்குமாயின், அதுவே மெய்யான கலைமகள் விழா.