ஒரு வாயில் இரண்டானபோது: பிரிட்டனின் விலகலும் பெங்களூர் ஏற்றுமதியும்

1973ஆம் ஆண்டு ஜனவரி 1ஆம் நாள் பிரிட்டன் ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகத்தில் சேர்ந்தது. காமன்வெல்த் நாடு என்ற முறையில் இந்தியச் சரக்குகள் அந்நாட்டுச் சந்தையில் பெற்றுவந்த சுங்கச் சலுகைகள் அதன் பின்னர்ப் படிப்படியாக மறைந்தன. 47 ஆண்டுகள் கழித்து, 2020 ஜனவரி 31 அன்று, பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து விலகிற்று. அதற்கென வகுக்கப்பட்ட இடைக்காலமும் அவ்வாண்டு டிசம்பர் 31 அன்று முடிவுற்றது. இரு முறையும் முடிவெடுத்தது பிரிட்டன். கணக்கை மாற்றி எழுத நேர்ந்தவர்களுள் இந்திய ஏற்றுமதியாளரும் ஒருவர்.

பெங்களூரின் ஆயத்த ஆடைத் தொழில் இதற்குத் தக்க சான்றாகும். பீனியா, பொம்மசந்திரா, மைசூர் சாலை ஆகிய பகுதிகளில் இயங்கும் ஆலைகளில் தைப்போருள் பெரும்பாலோர் பெண்கள். ஐரோப்பியச் சந்தையின் ஆர்டர் குறைந்தால் அவர்களது மிகைநேர ஊதியமும், சில வேளைகளில் வேலையும் குறைகின்றன. ஆகவே சுங்க விதி என்பது அலுவலகக் கோப்போடு முடிந்துவிடும் செய்தி அன்று.

இரட்டைத் தீர்வை

சுங்க ஒன்றியத்தின் இலக்கணம் எளிது. உறுப்பு நாடுகளுக்கிடையே தீர்வை இல்லை. வெளிநாட்டுச் சரக்குக்கு எல்லா நாடுகளிலும் ஒரே தீர்வை. எனவே 2020 இறுதி வரை, பெங்களூரில் தைத்த சட்டைகள் பிரிட்டிஷ் துறைமுகம் ஒன்றில் தீர்வை செலுத்தி இறங்கினால், அங்கிருந்து டப்ளினுக்கோ பாரிசுக்கோ தடையின்றிச் செல்ல முடிந்தது. லண்டன் வணிகர் ஒருவரே ஐரோப்பா முழுமைக்கும் கொள்முதல் செய்தார்.

2021 ஜனவரி 1 முதல் நிலைமை மாறிற்று. பருத்திச் சட்டைக்குப் பிரிட்டனிலும் ஐரோப்பிய ஒன்றியத்திலும் பொதுத் தீர்வை 12 சதவீதமாக அமைந்தது. 1,000 ரூபாய் மதிப்புள்ள சரக்கு பிரிட்டனில் 120 ரூபாய் செலுத்தி இறங்கிய பின் டப்ளினுக்கு அனுப்பப்பட்டால், அங்கே மீண்டும் தீர்வை விதிக்கப்படும்.

பிரிட்டனும் ஐரோப்பிய ஒன்றியமும் 2020 டிசம்பர் 30 அன்று தீர்வையற்ற வாணிப உடன்பாடு செய்துகொண்டனவே என்ற வினா எழலாம். அச்சலுகை அவ்விரு பகுதிகளில் உற்பத்தியான பொருள்களுக்கு மட்டுமே உரியது. இந்தியச் சட்டையை லண்டனில் தேய்த்து மடித்துப் பெட்டியிலிட்டாலும் அது பிரிட்டிஷ் பொருள் ஆகிவிடாது. சரக்கு எங்கிருந்து வந்தது என்பதைக் காட்டிலும் எங்கே உருவானது என்பதே தீர்வையை முடிவு செய்கிறது.

சுமை யாருக்கு?

இது விற்பனை ஒப்பந்தத்தைப் பொறுத்தது. கப்பலில் ஏற்றுவதோடு ஏற்றுமதியாளரின் பொறுப்பு முடிவுறுமாயின், இரண்டாவது தீர்வை வாங்குபவரைச் சாரும். ஆயினும் அடுத்த பருவத்தில் விலையைக் குறைக்குமாறு அவர் கோரக்கூடும். தீர்வையையும் செலுத்தி ஒப்படைப்பதாக ஒப்பந்தமிருந்தால், சுமை நேரடியாகப் பெங்களூர் நிறுவனத்தின் மீது விழுகிறது. பெரிய நிறுவனங்களுக்குச் சட்ட ஆலோசகர்கள் உள்ளனர். சிறு ஏற்றுமதியாளருக்கோ சரக்கு அனுப்பும் முகவரே ஆலோசகர்.

மாற்று வழிகள் இல்லாமலில்லை. ஐரோப்பிய ஒன்றியத்துக்குரிய பங்கைத் தனியே பிரித்து ராட்டர்டாம் போன்ற துறைமுகத்துக்கு நேரே அனுப்பலாம். அல்லது பிரிட்டனில் சுங்கக் கட்டுப்பாட்டுக் கிடங்கில் தீர்வை செலுத்தாமல் வைத்து, பின்னர் மறு ஏற்றுமதி செய்யலாம். எவ்வழியாயினும், முடிவு முன்கூட்டியே எடுக்கப்பட வேண்டும். பெங்களூருக்குத் துறைமுகம் இல்லை. ஒயிட்ஃபீல்டு உள்நாட்டுக் கொள்கலன் நிலையத்திலிருந்து சரக்கு சென்னைத் துறைமுகத்துக்கு ரயிலேறுகிறது. கொள்கலனுக்கு முத்திரையிடுமுன்னரே எந்தச் சட்டை எந்தச் சந்தைக்கு என்று தீர்மானித்தால் வீண் செலவு தவிரும்.

புதிய உடன்பாடு

2025 ஜூலை 24 அன்று இந்தியாவும் பிரிட்டனும் விரிவான பொருளாதார, வாணிப உடன்பாட்டில் கையெழுத்திட்டன. இந்தியாவின் தீர்வை இனங்களுள் ஏறத்தாழ 99 சதவீதத்துக்குப் பிரிட்டனில் தீர்வை நீக்க அது வழிவகுக்கிறது. ஆடைகளும் இவற்றுள் அடங்கும். மிகக் குறைந்த வளர்ச்சியுற்ற நாடு என்ற முறையில் தீர்வையற்ற நுழைவு பெற்றுவந்த வங்கதேசத்தோடு போட்டியிட இது துணைபுரியும். பிரிட்டன் ஒன்றியத்தில் நீடித்திருந்தால் இத்தகைய தனி உடன்பாட்டுக்கு இடமே இருந்திராது. விலகலால் நேர்ந்த இடையூற்றோடு வந்த வாய்ப்பு இது.

எனினும் உற்பத்தி நாட்டு விதி இங்கும் தொடர்கிறது. இறக்குமதிக்கும் அதுவே பொருந்தும். ஜெர்மனியில் செய்த இயந்திர உதிரிப் பாகத்தை லண்டன் வணிகரிடம் வாங்கும் பெங்களூர்த் தொழிற்சாலை, பிரிட்டிஷ் பொருளுக்குரிய சலுகையைக் கோர இயலாது.

சலுகையை அரசு பெற்றுத் தரலாம். அதைப் பயன்படுத்துவதற்கான சான்றை ஏற்றுமதியாளரே அளித்தாக வேண்டும். துணி எங்கே நெய்யப்பட்டது, எங்கே வெட்டித் தைக்கப்பட்டது என்ற பதிவேடு சிறு ஆலையிலும் ஒழுங்காக இருத்தல் வேண்டும். அதனைக் கற்பிப்பதைத் தொழில் மைய அலுவலர்களும் வாணிபம் பயிலும் மாணவர்களும் தம் பணியாகக் கொள்வார்களாயின், உடன்பாட்டின் பயன் தையல் இயந்திரத்தின் முன் அமர்ந்திருக்கும் பெண் வரை சென்று சேரும்.