அன்னை இரமாபாய் நினைவும் நம் கடமையும்

(வெள்ளி விழாவையொட்டி வடபழனியில் நடைபெற்ற கூட்டத்தில் ஆற்றிய உரை)



கல்விச் சங்கத்தின் வெள்ளி விழாவில், பள்ளி சென்று பயிலும் வாய்ப்பே பெறாத ஓர் அம்மையாரை நாம் நினைவுகூர்கின்றோம். அவர்தாம் அண்ணல் அம்பேத்கரின் துணைவியார் அன்னை இரமாபாய்.

1898 பிப்ரவரி 7 அன்று, கொங்கணப் பகுதியில் தாபோலிக்கு அருகிலுள்ள வணந்த் என்னும் சிற்றூரில் அவர் பிறந்தார். தந்தையார் மீன்கூடை சுமந்து பிழைத்தவர். இளமையிலேயே பெற்றோரை இழந்து, பம்பாயில் உறவினர் ஆதரவில் வளர்ந்தார். சிறுமிப் பருவத்திலேயே அவருக்குத் திருமணம் நடந்தது. பைகுல்லா அங்காடியில் வாணிகம் முடிந்த இரவு நேரமே முகூர்த்தம்; மீன் விற்கும் கல்மேடைகளே விருந்தினர்க்கு இருக்கை.

1913இல் அண்ணல் அமெரிக்கா சென்று, இலண்டன் வழியாக 1917இல் திரும்பினார். மீண்டும் 1920 முதல் 1923 வரை இலண்டனில் பயின்றார். அவர் பெற்ற பட்டங்களை நம் மாணவர்கள் மனப்பாடமாகச் சொல்வர். ஆனால் அந்த ஆண்டுகளில் பம்பாய் வீட்டில் அடுப்பு எரிந்தது எவ்வாறு என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? அன்னை சாணம் பொறுக்கி வறட்டி தட்டினார். இலண்டனிலிருந்து திரும்பிய கணவரை வரவேற்கச் செல்ல நல்ல புடவை இல்லாமையால், கோலாப்பூர் மன்னர் சாகு மகராஜ் வழங்கியிருந்த தலைப்பாகைத் துணியையே புடவையாக உடுத்தினார் என்று மராட்டிய மக்கள் சொல்வதுண்டு. அவர் பெற்ற மக்கள் ஐவர். நால்வரை மண்ணுக்குக் கொடுத்தார். யஷ்வந்த் ஒருவரே எஞ்சினார்.

மராட்டியத்து ஏழைத் தாய்மார்கள் கிழிந்த புடவைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, நெருக்கமாகத் தையலிட்டுப் போர்வை ஆக்குவர். அதற்குக் கோதடி என்று பெயர். அன்னையின் குடித்தனமும் அத்தகையதே. இல்லாமையை ஒட்டுப்போட்டு, ஒரு குடும்பத்தைக் குளிரில் விடாமல் காத்தார். நம் வடபழனித் தெருக்களிலும் இதனைக் கண்டிருக்கின்றோம். தையற்கடையில் மிஞ்சிய வெட்டுத்துணிகளைக் கேட்டு வாங்கி, இரவு விளக்கில் தலையணையும் விரிப்பும் தைத்து, பிள்ளையின் நோட்டுப் புத்தகத்துக்குக் காசு சேர்த்த தாய்மார்கள் இந்த அவையிலேயே அமர்ந்திருக்கின்றார்கள்.

கல்விப்பணி செய்வோர் மறவாத நிகழ்ச்சி ஒன்றும் உண்டு. அன்னை தார்வாரில் வராளே குடும்பத்தாரோடு தங்கியிருந்த நாளில், அங்கிருந்த மாணவர் விடுதியில் உணவுக்குப் பொருள் இல்லாமற் போயிற்று. பிள்ளைகள் பசித்திருப்பதை அறிந்த அன்னை, தம் பொன்வளையல்களைக் கழற்றிக் கொடுத்து உணவுக்கு வழி செய்தார் என்று சொல்லப்படுகின்றது.

1935 மே 27 அன்று, தாதரில் உள்ள இராசகிருகம் இல்லத்தில் அவர் மறைந்தார். அப்போது அவருக்கு வயது முப்பத்தேழு. பின்னர் வெளிவந்த பாகிஸ்தானைப் பற்றிய தம் நூலை, அண்ணல் அவருக்கே காணிக்கையாக்கினார். துணைவியின் உள்ளத் தூய்மையையும், துன்பத்தில் உடன்நின்ற உறுதியையும் அங்கே எழுத்தில் பதித்தார். உலகம் போற்றிய அறிஞர், தம் கல்வியில் அந்த அம்மையாருக்குள்ள பங்கை மறைக்கவில்லை.

அன்பர்களே! இங்கே நாம் எண்ண வேண்டியது ஒன்று உண்டு. அன்னையின் தியாகத்தைப் புகழ்வது எளிது. புகழோடு நின்றுவிட்டால், அண்ணன் படிக்கத் தங்கை வறட்டி தட்டட்டும் என்று நாளையும் சொல்வோம். வீட்டில் நெருக்கடி வந்தால் முதலில் பள்ளியை விட்டு நிறுத்தப்படுபவள் பெண்தான் என்பதை, வருகைப் பதிவேட்டைப் பார்த்துவரும் ஆசிரியர்களாகிய நாங்கள் நன்கு அறிவோம். ஒரு பெண் தன் படிப்பை விலையாகக் கொடுத்து இன்னொருவரைப் படிக்க வைக்கும் நிலை இனி வேண்டா.

ஆகவே சங்கத்தாரிடம் இரண்டு வேண்டுகோள் வைக்கின்றோம். இவ்விழா மலரில் நன்கொடையாளர் பெயர்களோடு, நம் பட்டதாரிகளின் தாய்மார்கள் பெயர்களையும் அச்சிடுங்கள். பத்தாம் வகுப்போடு நிற்கும் நிலையிலுள்ள பெண்பிள்ளைகளின் வீட்டுக்கு, ஆண்டுதோறும் சூன் மாதத்தில் நேரில் சென்று பேசுங்கள். தேவையான உதவித்தொகையைக் கையோடு கொடுங்கள். அன்னை இரமாபாய்க்கு நாம் செய்யக்கூடிய உண்மையான அஞ்சலி அதுவே.